காற்றும் கையும்

குளிர் எனக்குப் புதிதல்ல என்ற எண்ணத்தோடுதான் கனடாவுக்குப் போனேன். நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலைகளில் ஒன்பது வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். தை, மாசியில் விடியற்காலைப் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதையும், தேயிலைக் கொழுந்தை அது கருக்கிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். ஸுபஹுக்கு வுழூச் செய்யப் போனால் தண்ணீர் ஊசியாகக் குத்தும். "இதைவிடவா ஒங்கட ஊர்க் குளிர்?" என்று தொலைபேசியில் மகனிடம் கேட்டேன். அவன் சிரித்தான். சிரித்ததே பெரிய விஷயம். நாலு வருடங்களாக நாங்கள் இருவரும் சுகம் விசாரிப்பதற்கு மேல் எதுவும் கதைத்ததில்லை.

2025 ஜனவரி முதல் வாரத்தில் டொரன்டோ போய் இறங்கினேன். மகனின் வீடு தோர்ன்கிளிஃப் பார்க் என்ற பகுதியில் உயரமான மாடிக் குடியிருப்பொன்றில் இருக்கிறது. பாகிஸ்தானியரும் ஆப்கானியரும் நெருங்கி வாழும் இடம். வெளியே பாங்கு கேட்காது. ஆனால் லிஃப்டில் ஏறினால் நாலு பேரில் மூன்று பேர் ஸலாம் சொல்வார்கள். கட்டடங்களுக்குப் பின்னால் நிலம் சட்டென்று சரிந்து பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கீழே டொன் ஆற்றின் மேற்குக் கிளையோரமாக ஒரு பூங்கா. காட்டு விலங்குகளைப் பற்றிக் கதை எழுதிய எர்னஸ்ட் தொம்ப்சன் சீட்டனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் எழுத்தாளன் பெயரில் ஓர் ஒழுங்கையாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே முதல் நாள் அந்தச் சரிவில் இறங்கினேன். பக்கத்திலேயே இருந்த ஒன்டாரியோ விஞ்ஞான நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்பது எனது நீண்ட நாள் ஆசை. அதை 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். விஞ்ஞான ஆசிரியனுடைய நஸீபு அப்படி.

என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனவன் பேரன். பதினான்கு வயது. மகனுக்கும் மருமகளுக்கும் பகல் முழுக்க வேலை. இவன் பாடசாலை விட்டு வந்ததும் முதுகுப் பையைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, வாறீங்களா?" என்று கேட்பான். பை நிறையப் பிளாஸ்டிக் தட்டுகள். 'டிஸ்க் கொல்ஃப்' என்று பெயர். கொல்ஃப் மாதிரித்தான், பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டு, குழிக்குப் பதிலாக இரும்புக் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. தூரத்திலிருந்து எறிந்து எறிந்து கடைசியில் தட்டைச் சங்கிலியில் மோதச் செய்து கூடைக்குள் விழுத்த வேண்டும். யார் குறைந்த எறியில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. பூங்காவில் பதினெட்டுக் கூடைகள். காசு ஒன்றும் இல்லை. அதே பூங்காவில் அம்பெறியும் திடல் ஒன்றும் இருக்கிறது. ரஸூலுல்லாஹ் ஊக்கப்படுத்திய விளையாட்டு அல்லவா, அதைப் பழகலாமே என்றேன். "அதுக்கு வில்லு வாங்கணும் அப்பா, வெல கூட" என்றான்.

அன்று வெப்பநிலை மறை 11 பாகை. நுவரெலியாப் பெருமையெல்லாம் அந்தச் சரிவில் பாதி இறங்குவதற்குள்ளேயே போய்விட்டது. மூக்குத் துவாரத்து ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும் உணர்வை நான் அதுவரை அறிந்ததில்லை.

பேரன் ஒரு தட்டை என் கையில் தந்தான். சாப்பாட்டுக் கோப்பை அளவுதான் இருக்கும். விட்டம் 21 சென்ரிமீற்றர், நிறை 175 கிராமுக்குக் கிட்ட. கடற்கரையில் பிள்ளைகள் எறியும் தட்டைவிடச் சிறியது, ஆனால் விளிம்பு தடித்துக் கூராக இருக்கும். மார்புக்குக் குறுக்காகப் பின்னே இழுத்துப் புறங்கையால் வீசவேண்டும். வீசினேன். இருபது எட்டுத் தூரம்கூடப் போகவில்லை. இடப்பக்கமாகச் சரிந்து பனியில் செருகிக்கொண்டது. அதே தட்டை எடுத்துப் பேரன் எறிந்தான். அது தாழப் பறந்து, இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவால் போய், எழுபது எட்டுக்கு அப்பால் இறங்கியது.

வெட்கத்தை மறைக்க ஆசிரியனுக்கு ஒரே வழி விளக்கம் சொல்வதுதான். நான் தொடங்கினேன். கடல் மட்டத்தில், 30 பாகை வெப்பத்தில், ஒரு கனமீற்றர் காற்றின் திணிவு ஏறக்குறைய 1.16 கிலோகிராம். மறை 10 பாகையில் அதே கனமீற்றர் 1.34 கிலோகிராம். ஆக, கொழும்பில் எறியப்படும் தட்டைவிட இங்கே எறியப்படும் தட்டு 15 சதவீதம் கனத்த காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். தடை கூடுகிறது, வேகம் சீக்கிரம் தளர்கிறது. தட்டைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் கூடத்தான் செய்யும். ஆனால் தடையால் போன வேகத்தை அது திருப்பித் தராது. "அதனாலதான் அப்பாட தட்டு விழுந்திச்சு" என்று முடித்தேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "காத்தில்ல அப்பா. கை" என்றான்.

அவன் தட்டைப் பற்றித்தான் சொன்னான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவன் சொன்னது சரியா என்று பார்க்கவேண்டியிருந்தது.

வலது கைக்காரன் புறங்கையால் வீசும் தட்டு வலஞ்சுழியாகச் சுழலும். வேகம் இருக்கும்வரை அது வலப்பக்கம் சாயப் பார்க்கும். வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் சரிந்து விழும். அடர்ந்த காற்று தட்டின்மேல் கூடிய விசையைச் செலுத்துவதால் முதற் சாய்வு, அதாவது வலப்பக்கச் சாய்வு, கூடவேண்டும். உயர்ந்த மலைகளில், காற்று மெலிந்த இடங்களில், இதற்கு நேர்மாறாக நடக்கும் என்று விளையாடுகிறவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். என் கணக்குப்படி பார்த்தால் குளிரில் என் தட்டு வலப்பக்கம் போயிருக்கவேண்டும். போனதோ இடப்பக்கம். காற்றுத்தான் காரணம் என்றால் அது அப்படிப் போயிருக்காது. தட்டு கையை விட்டுப் புறப்படும்போதே அதற்கு வேகம் இருக்கவில்லை. காற்று ஒரு பக்கம் தள்ள, தளர்ந்த கை மறுபக்கம் இழுக்கிறது. குளிரில் பெரும்பாலும் கைதான் வெல்கிறது. பையன் சொன்னது சரி.

ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவனை வைத்தே சோதனை செய்தேன். (என் எறி அளவிடத் தகுதியானதல்ல.) ஒரே வகைத் தட்டுகள் இரண்டு. ஒன்றை அவன் மேற்சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினான், மற்றதைப் பனிக்குள் புதைத்தோம். சூடான கையால் சூடான தட்டு, பத்து எறி: சராசரி 72 எட்டு. சூடான கையால் குளிர்ந்த தட்டு, பத்து எறி: 66. பிறகு கையுறையைக் கழற்றி ஐந்து நிமிடம் காற்றில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, குளிர்ந்த கையால் சூடான தட்டு: 49. அதிலும் மூன்று எறி மரத்தில் போய் மோதியது. இந்தக் கடைசிப் பகுதி மருமகளுக்குத் தெரிந்தால் என்னை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவாள் என்பதால் நாங்கள் இருவரும் அதை வெளியே சொல்லவில்லை.

தட்டும் குளிரில் மாறத்தான் செய்கிறது. விலை குறைந்த பிளாஸ்டிக்கில் செய்தவை குளிரில் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். உறைந்த மரத்தில் பட்டு விளிம்பில் துண்டு போன தட்டொன்றைப் பேரன் வைத்திருந்தான். விலை கூடிய பொலியூரித்தேன் வகை உடைவது குறைவு, ஆனால் விறைத்துப்போய்க் கையில் வழுக்கும். கண்ணாடித் தட்டைப் பிடித்த மாதிரி இருக்கும். இருந்தாலும் ஆறு எட்டுத்தான் வித்தியாசம். கைக்கோ இருபத்து மூன்று எட்டு.

ஏன் இப்படி? உடம்பு குளிர்ந்தால் அது தன் இரத்தத்தை விரல்களிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதயத்தைக் காப்பாற்ற விரலைக் கைவிடுகிறது. தசை மெதுவாகச் சுருங்கும், நரம்பு மெதுவாகச் செய்தி கொண்டு போகும். இந்த விளையாட்டின் இரகசியம் என்னவென்றால், தட்டை நாம் விடுவதில்லை. இறுகப் பிடித்த விரல்களிலிருந்து அது தன்னைத்தானே பிடுங்கிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கணத்தில்தான் வேகமும் சுழற்சியும் பிறக்கின்றன. விறைத்த விரலுக்கு அந்தக் கணம் தெரியாது. தட்டு முந்தியே நழுவிவிடும். அதற்கு மேல் தடித்த மேற்சட்டை முழங்கையை மடக்க விடாது. பனியில் ஓடிவந்து காலை ஊன்றவும் முடியாது.

அதனால் குளிர்கால விளையாட்டு என்பது பெரும்பாலும் கையைக் காப்பாற்றும் விளையாட்டுத்தான். எறியும் கைக்குப் பெரிய கம்பளி உறை, எறியும் நேரத்துக்கு மட்டும் கழற்றுவது. அடுத்த தட்டு எப்போதும் மேற்சட்டைக்குள். சட்டைப் பையில் சூடாக்கும் சிறு பொட்டலம் ஒன்று. அதைப் பிரித்ததும் சூடேறத் தொடங்கும். உள்ளே என்ன என்று உறையைப் படித்துப் பார்த்தேன்: இரும்புத் தூள். காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கிறது, துருப்பிடிக்கையில் வெப்பம் வருகிறது. மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டு, துருப்பிடித்தலுக்குக் காற்றும் நீரும் வேண்டும் என்று வருடா வருடம் வகுப்பில் காட்டியிருக்கிறேன். அந்தத் துரு ஒருநாள் என் விரலைச் சூடாக்கும் என்று நினைத்ததில்லை. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்படி ஒரு மாலையில், கூடைக்கு அருகில் நின்று சங்கிலியைக் கையால் அசைத்தபடி பேரன் இந்த விளையாட்டின் கதையைச் சொன்னான். முதலில் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரிஸ்பி என்ற பேக்கரியின் வெறும் தகரத் தட்டுகளை மாணவர்கள் எறிந்து விளையாடினார்களாம். பிறகு பிளாஸ்டிக்கில் தட்டு வந்தது. எட் ஹெட்ரிக் என்பவர்தான் அதைத் திருத்தி நேராகப் பறக்கச் செய்தவர். 1975இல் கலிஃபோர்னியாவில் நிரந்தரமான முதல் விளையாட்டிடத்தை அமைத்ததும், இந்தச் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்ததும் அவரே. 2002இல் இறந்தார்.

"இறந்த பொறகு அவர எரிச்சி, அந்தச் சாம்பல பிளாஸ்டிக்கோட கலந்து தட்டுச் செஞ்சாங்க அப்பா. அவர்தான் அப்பிடிச் செய்யச் சொன்னாராம். குடும்பத்துக்கும் கூட்டாளிமாருக்கும் குடுத்தாங்க" என்றான். அவனுக்கு அது ஒரு வேடிக்கையான செய்தி. எறிகிறவனை அவன் கூட்டாளிகள் எறிகிறார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த தட்டைப் பையில் வைத்தேன். "குளிருதா அப்பா?" என்று கேட்டான். ஆம் என்றேன்.

அவனுக்கு அப்போது பத்து வயது. அவனுடைய வாப்பும்மா மௌத்தானது மட்டும்தான் தெரியும். மற்றதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

2020 நவம்பரில் என் மனைவிக்கும் எனக்கும் ஒரே நாளில் கோவிட் என்று உறுதியானது. ஒரே ஆஸ்பத்திரியில் வெவ்வேறு வார்டுகளில் கிடந்தோம். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்ட ஒருவர் என் கட்டிலருகே வந்து அவள் போய்விட்டாள் என்று சொன்னார். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி அறிவித்தலின்படி கோவிட் மையித்துகள் எரிக்கப்பட வேண்டும். அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கவும் செய்யலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீரைப் பற்றி முப்பது வருடம் படிப்பித்த எனக்கு அந்தக் காரணம் எவ்வளவு பலவீனமானது என்று தெரியும். தெரிந்து என்ன?

விமான நிலையம் சாதாரணப் பயணிகளுக்கு மூடியிருந்த காலம். மகன் தொலைபேசியில் அழுதான். "சைன் வெக்க வாணாம் வாப்பா. அவங்க செய்றத செய்யட்டும். நீங்க வெச்சா நாங்களே சம்மதிச்ச மாதிரிப் போகும்" என்றான். அந்த நாட்களில் ஒப்பமிட மறுத்தவர்கள் இருந்தார்கள். மறுத்தும் எரிக்கப்பட்டது. வந்தவர் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். குரல் தன்மையாகத்தான் இருந்தது. வைத்தாலும் வைக்காவிட்டாலும் முடிவு ஒன்றுதான் ஐயா, வைத்தால் சாம்பலாவது கிடைக்கும் என்றார். எனக்குக் குளிர் நடுக்கம். கையெழுத்து என்னுடையதைப் போலவே இல்லை. ஆனால் என் கைதான் வைத்தது.

காலையில் மகன் எடுத்தான். "வெச்சீங்களா?" "வெச்சன்." இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

ஒரு மண் முட்டியில் சாம்பல் வந்தது. குளிப்பாட்ட ஒன்றுமில்லை, கபனிட ஒன்றுமில்லை. தனிமைப்படுத்தல் முடிந்து வந்ததும் மையவாடியின் ஓர் ஓரத்தில் மூன்று பேர் சேர்ந்து அதை மண்ணுக்குள் வைத்தோம். 2021 பெப்ரவரி 25இல் அடக்குவதற்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கத் தொடங்கினார்கள். அவளுக்கு மூன்று மாதம் பிந்திவிட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோருவதாகச் செய்தி வந்தபோது அதை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டதற்கான நீல அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

காற்றா கையா என்ற கேள்வி எனக்குப் பூங்காவில் பிறந்ததல்ல.

ஹெட்ரிக்கின் மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர் தன்னை என்ன செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார், அவருடைய ஆட்கள் அதைச் செய்தார்கள். அவளும் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு முறை மையவாடியைக் கடக்கும்போதும், தன்னுடைய உம்மாவின் கால்மாட்டில் இடமிருக்கிறது என்று சொல்லுவாள்.

ஜனவரி கடைசியில் பனி பெரிதாகக் கொட்டியது. புதுப்பனியில் தட்டு எறிவது வேறொரு சோதனை. அது விளிம்பால் பனிக்குள் கத்திபோல் செருகிப் போய்விடும். மேலே ஒரு மெல்லிய கீறல் மட்டும் தெரியும், காற்று வீசினால் அதுவும் மூடிவிடும். எழுபது எட்டுத் தூரத்தில் அந்தக் கீறலைக் கண்டுபிடிப்பது இலேசல்ல. இதற்கு விளையாடுகிறவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தட்டின் அடிப்பக்கத்தில் நீளமான ரிபன் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். தட்டு புதைந்தாலும் ரிபனின் வால் பனிக்குமேல் கிடக்கும். ரிபன் இழுப்பதால் தூரம் இன்னும் கொஞ்சம் குறையும். தொலைவதைவிட அது பரவாயில்லை.

பேரன் செம்மஞ்சள் ரிபன் சுருளொன்றை மேசையில் வைத்தான். நான் கத்தரிக்கோலால் ஒரு முழ நீளத்துக்கு வெட்டிக் கொடுக்க, அவன் ஒட்டினான். நாலாவது துண்டை வெட்டும்போது கை நின்றுவிட்டது. 2020 டிசம்பரில், இருபது நாள் குழந்தையொன்று எரிக்கப்பட்ட பிறகு, பொரளை கனத்தை வாயிலில் சனங்கள் போய் வெள்ளைத் துணிக் கீற்றுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லாரும் கட்டினார்கள். கொழும்பிலிருந்த என் பழைய மாணவன் ஒருவன் அவள் பேரில் ஒன்று கட்டியதாக எனக்குச் செய்தி அனுப்பியிருந்தான். மறுநாள் அவை அகற்றப்பட்டிருந்தன. "காணும் அப்பா, நாலு போதும்" என்றான் பேரன். அன்றைக்கு மகனும் வீட்டில் இருந்தான். வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டிய ரிபனையும் பார்த்தான். என்ன நினைத்தானோ, "நாளைக்கு ஞாயிறு, நானும் வாறேன்" என்றான்.

வந்தான். பாடசாலைக் காலத்தில் கம்பளையில் நல்ல கிரிக்கெட் காரன்; எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டுக்கு நேராக எறிவான். தட்டு அவனுக்குப் பழக்கமில்லை. முதலிரண்டும் தரையில் மோதின. மூன்றாவதை எறிய முன் பேரன் சொல்லிக் கொடுத்தபடி கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்கினான். பிறகு இழுத்து வீசினான். செம்மஞ்சள் வால் துடிக்க அது தாழப் போய், வளைவுக்கு அப்பால் இறங்கியது. இறங்கிய இடம் மூவருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம்.

போய்ப் பார்த்தால் ரிபன் இல்லை. பேரன் ஆற்றுப் பக்கமாகத் தேடப் போனான். நானும் மகனும் எங்கள் கணக்குக்கு அது விழுந்திருக்க வேண்டிய இடத்தில் பனியைக் கிளறினோம். காலால் கிளறினால் தட்டு உடைந்துபோகும் என்று பையன் சொல்லியிருந்ததால் இருவரும் மண்டியிட்டுக் கையால் கிளறினோம். பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். தலையைத் தூக்காமலேயே மகன் கேட்டான்.

"வாப்பா, அண்டைக்கு ஒங்களுக்குக் காய்ச்சல் எத்தின?"

எந்த நாளை என்று நான் கேட்கவில்லை. "நூத்தி மூணு எண்டு எழுதியிருந்தாங்க."

"எனக்குச் சொல்லவே இல்லயே."

"நீ ஃபோன வெச்சிட்டாய்."

அவன் கிளறிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, வெச்சிட்டன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பியவன், "கையுற எங்க?" என்று சத்தம் போட்டான். பனிக்குள் தட்டின் விளிம்பு தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வலது கையுறையைக் கழற்றி எங்கோ வைத்திருந்தேன். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன, எனக்கு அது தெரியக்கூட இல்லை. தன்னுடையதைக் கழற்றி என் கையில் மாட்டினான். அது எனக்குப் பெரிது. உள்ளே அவனுடைய கைச்சூடு இருந்தது. விரல்களில் உணர்வு திரும்பும்போது வலித்தது. குளிரைவிட அதுதான் வலி.

அன்று தட்டு கிடைக்கவில்லை. அங்கே அந்நாட்களில் ஐந்தரைக்கெல்லாம் மஃரிப். வீட்டுக்குப் போகும் சரிவில் ஏறும்போது மகன் தன் உம்மாவைப் பற்றிக் கேட்டான், கடைசி வாரத்தில் என்ன சாப்பிட்டாள், என்ன சொன்னாள் என்று. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். பேரன் முன்னால் நடந்தான். காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தன் வாப்பாவிடம் போய் ஏதோ கேட்டான். இருவரும் அறைக்குள் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போகவில்லை.

பெப்ரவரி கடைசியில், தலைநோன்புக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நோன்பு பாதி கழிந்த ஒரு நாள் பேரன் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினான். பனி உருகிவிட்டதாம். சேற்றுப் புல்லில் தட்டு கிடக்கிறது. ரிபன் சாயம் வெளிறி, ஒட்டியபடியே இருக்கிறது. நாங்கள் தேடிய இடத்திலிருந்து முப்பது எட்டு முன்னால் கிடந்ததாக எழுதியிருந்தான். மேற்பனி இறுகியிருந்த இடத்தில் அது செருகாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. குளிரில் எறிந்தது, தூரம் போயிருக்காது என்று நாங்கள் கிட்டத்திலேயே தேடியிருக்கிறோம்.